ரெட்ரோ விருந்துக்கு கிராமபோன் அவசியமா? பழைய சாமான் தேடுற இழை

சித்தூர் மருமக, 9 செப்டம்பர் 2023

மாமனார் மாமியாருக்கு டிசம்பர் கடைசியில கல்யாணமாகி 40 வருஷம் ஆகுது. மண்டபம் வேண்டாம், வீட்டுலயே ஒரு அம்பது பேரைக் கூப்பிட்டு பழைய கால தீம்ல பண்ணலாம்னு வீட்டுக்காரர் சொல்றார். கிராமபோன், பெட்ரோமாக்ஸ், பித்தளை சாமான், எனாமல் தட்டு இதெல்லாம் எங்க வாங்கலாம்? பட்ஜெட் 20,000. மத்தது எப்படியோ, கிராமபோன் கண்டிப்பா வேணும், அது இல்லாம என்ன ரெட்ரோ?

பாறைக்காரன், 9 செப்டம்பர், இரவு 10:50

கிராமபோன் வேண்டாம். காரணம் நாளைக்கு எழுதறேன், இங்க கரண்டு இல்லை, போன்ல 6 பர்சன்ட்தான் இருக்கு.

பாறைக்காரன், 10 செப்டம்பர்

கரண்டு வந்துருச்சு. எங்க வீட்டுலயும் இதே கதைதான் அம்மிணி, நவம்பர்ல அப்பா அம்மாவுக்கு 40, நானும் ஆறு மாசமா இதே பைத்தியத்துல சுத்திட்டிருக்கேன், அதனால பட்டதைச் சொல்றேன்.

கொச்சி மட்டாஞ்சேரி ஜூ டவுன்ல, அதான் யூதர் தெருவுல, ஒரு கடையில கிராமபோன் பாத்தேன். பளபளன்னு பித்தளைக் கொழாய், எட்டுப்பட்டைப் பொட்டி, நாய் படம் போட்ட தகடு. 9,000 சொன்னார். குனிஞ்சு பாத்தா பொட்டியோட பலகையில புது வார்னிஷ் வாசம், ஆணியெல்லாம் இந்த வருஷத்து ஆணி. பழைய போர்ட்டபிள் பொட்டியில இருந்து மோட்டாரைக் கழட்டி புதுப் பொட்டியில மாட்டி கொழாய் வச்சு விக்கிறது பெரிய தொழில், ஊர் ஊரா போகுது. பாட்டு வரும், வராம இல்லை. ஆனா அது பழசு இல்லை.

நெஜமாவே பழசு கெடைச்சாலும் அடுத்த தலைவலி. சாவி குடுத்து ஓட்டுற கிராமபோன் அரக்குல செஞ்ச 78 ஆர்பிஎம் தட்டுக்குத்தான். ஊசி இரும்பு, ஒரு பக்கம் ஓடுனா ஊசியைத் தூக்கிப் போட்டுட்டு வேற ஊசி போடணும், ஒரு பக்கம்ங்கறது மூணு நிமிஷம் சொச்சம். உங்க மாமனார் காலத்துப் பாட்டெல்லாம் எல்பி தட்டு, அதை இதுல போட்டா ஏர் ஓட்டுன மாதிரி உழுதுட்டுப் போயிரும், அப்புறம் அந்தத் தட்டை எதுல போட்டாலும் கரகரதான். அம்பது பேர் வந்த வீட்டுல ஒருத்தர் சாவியும் கையுமா நின்னுட்டே இருக்கணும்.

இதுக்கெல்லாம் மேல ஒரு கேள்வி. 1983ல உங்க மாமனார் வீட்டுல கிராமபோன் இருந்துச்சா?

பாறைக்காரன், 12 செப்டம்பர்

மேல ரெண்டு பேர் நகரியில ஒரு கடை, புத்தூர்ல ஒரு கடைன்னு சொல்லியிருக்கீங்க. நல்ல மனசு. ஆனா மருமக சொல்றது பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரா சித்தூர் இல்லைங்க. ரெண்டுமே எல்லை, ரெண்டுலயும் தமிழ் பேசுவோம், ரெண்டு ஊர்க்காரங்களும் பஸ் தப்பா ஏறுன கதை வச்சிருப்போம். என் கூடப் படிச்சவன் ஒருத்தனோட கல்யாணப் பத்திரிகை தபால்ல ஆந்திரா சுத்தி வந்துச்சு, அதுக்குள்ள அவனுக்கு மறுவீடே முடிஞ்சிருந்துச்சு.

பாறைக்காரன், 17 செப்டம்பர்

பாத்திரம் பத்திக் கேட்டிருந்தீங்க. நம்ம பக்கம் ஒரு வசதி, மொழி ரெண்டு இருக்கறதால கடையும் ரெண்டு விதம். அந்தப் பக்கம் காயலாங்கடை, இந்தப் பக்கம் ஆக்ரிக்கடை. வாசல்ல ஆன்டிக்னு போர்டு இருந்தா உள்ளயே போகாதீங்க, ஆக்ரிக்கடையில கிலோ கணக்குல எடை போட்டுக் குடுக்குற அதே உருளி அங்க நாலு மடங்கு.

உருளி வாங்குறப்ப தட்டிப் பாருங்க. விரல் முட்டியில ஒரு தட்டு, காது கிட்ட வச்சுக்கங்க. வெங்கலம்னா கோயில் மணி மாதிரி இழுத்துட்டே போய் மெதுவா அடங்கும். பித்தளைன்னா டொக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். வெங்கலம் செம்பும் வெள்ளீயமும், பித்தளை செம்பும் துத்தநாகமும். கீழ போட்டா பித்தளை நசுங்கும், வெங்கலம் விரிசல் விடும். சத்தம் இழுக்காம கரகரன்னு வெட்டுச்சுன்னா எங்கயோ விரிசல் இருக்கு, வேண்டாம்னு வச்சுட்டு வந்துருங்க.

இதுல எங்க வீட்டுல நடந்த கூத்து. வெங்கலத்துக்கு மலையாளத்துல ஓடுன்னு பேரு, இரிஞ்ஞாலக்குடா பக்கம் நடவரம்பு ஓட்டுப் பாத்திரம்னா அத்தனை பேரு. நான் ஒண்ணு வாங்கிட்டு வீட்டுக்கு போன் பண்ணி ஓட்டுருளி வாங்கிட்டேன், 4 கிலோ இருக்குன்னேன். வீட்டுக்காரம்மா தாராபுரம். ஓட்டை உருளியையா காசு குடுத்து வாங்குனீங்க, பத்த வைக்கவே தனியா ஆகுமேன்னு அவ திட்ட, நான் விளக்க, ரோமிங்குக்குத் தனிக் காசு இல்லாத காலம்ங்கறதால பொழைச்சேன்.

பாறைக்காரன், 17 செப்டம்பர், கொஞ்ச நேரம் கழிச்சு

விட்டுப்போச்சு. பித்தளை அண்டா குண்டா வாங்கி அதுல சமைக்கறதா இருந்தா உள்ள ஈயம் பூசாம புளி போட்ட எதையும் வைக்காதீங்க, கசந்து வாயில வைக்க முடியாது, வயித்துக்கும் ஆகாது. ரசம் வைக்கிற ஈயச் சொம்பு கெடைச்சா ரசத்தை ஊத்திட்டுத்தான் அடுப்புல ஏத்தணும். வெள்ளீயம் 232 டிகிரியில உருகிரும், வெறுஞ் சொம்பை வச்சுட்டு போன் பேசப் போனா வந்து பாக்கறப்ப பர்னர்ல வெள்ளிக் குழம்புதான் இருக்கும். எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க.

பாறைக்காரன், 1 அக்டோபர்

இன்னைக்கு ஞாயிறு, வேலந்தாவளம் வழியா கோயமுத்தூர் போயி உக்கடம் பக்கம் சுத்திட்டு வந்தேன். வெயில் மண்டையப் பொளந்துருச்சு.

கெடைச்சது: கோல்ட் ஸ்பாட் பாட்டில் நாலு, மூடி இல்லை, ஒண்ணு 50 ரூபா. இது 1993ல கோகோ கோலா பார்லே கிட்ட இருந்து மொத்தமா வாங்குன பொறவு மெல்லக் காணாமப் போனது, 83க்கு சரியாப் பொருந்தும், பூ செருகி வைக்கலாம். பொறவு ஒரு எவர்சில்வர் தட்டு. சாதாரணத் தட்டுதான், ஆனா விளிம்புல புள்ளி புள்ளியா பேர் வெட்டியிருக்கு, ரெண்டு இனிஷியல், கல்யாணப் பரிசு, 3-6-71. எந்த வீட்டுல யாரு சண்டை போட்டு எப்ப எடைக்குப் போட்டாங்களோ. 80 ரூபாய்க்கு வாங்கிட்டேன். வாங்கினதுல இருந்து அதுல சாப்பிடலாமா கூடாதான்னு ஒரே யோசனை.

கெடைக்காதது: எனாமல் தட்டு நெறைய இருந்துச்சு, எல்லாத்துலயும் கருப்பாத் தெறிச்சிருந்துச்சு. தெறிச்ச எனாமல்ல சோறு போடாதீங்க, பழைய எனாமல் சாயத்துல காரீயம் கேட்மியம் எல்லாம் இருக்கலாம். சுவத்துல மாட்டலாம்.

ஒரு ஆள் என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போயி துணியப் பிரிச்சு ராமர் பட்டாபிஷேகம் போட்ட செப்புக் காசு காட்டுனான், ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818னு போட்டிருக்கு. அரிசிய இழுக்கும் சார், இரிடியம் சார்னான். இந்த ரைஸ் புல்லிங் கதையில நெலத்தை வித்து ஏமாந்தவங்க நம்ம எல்லையில ஊருக்கு ஊர் இருக்காங்க. கம்பெனிக்காரன் அப்படி ஒரு காசே அடிக்கலை. நான், ஏனுங்க, அரிசிய இழுக்குமா, எங்கூட்டு ரேஷன் அரிசிய இழுத்துக் குடுங்க, கடைக்கு நடக்க முடியலைன்னேன். துணிய மூடிட்டான்.

கோயில் செலை மாதிரி யாராவது எதாவது காட்டுனா தொடவே தொடாதீங்க. நூறு வருஷத்துக்கு மேல போன செலை, சிற்பம் எல்லாம் 1972 சட்டப்படி தொல்பொருள், அதை வாங்க விக்க தனி முறை இருக்கு. கல்யாண நாளுக்கு பலகாரம் பண்ற வீட்டுக்கு போலீஸ் வரணுமா.

பாறைக்காரன், 8 அக்டோபர்

ஒரு மாசமா இங்க எழுதினதுல பாதியை வாபஸ் வாங்கணும் போல.

இன்னைக்கு அம்மா கிட்ட என்னோட லிஸ்ட்டைப் படிச்சுக் காட்டுனேன். வெங்கல உருளி, பித்தளைக் குடம், வால்வு ரேடியோ, பெட்ரோமாக்ஸ். கேட்டுட்டு சிரிச்சுட்டே இருந்துச்சு. அட போ சாமி, என்ற கல்யாணத்துல பித்தளை ஏது, பித்தளையப் போட்டு எவர்சில்வர் எடுத்த காலம் அது, எங்கம்மா மூணு அண்டாவைப் பாத்திரக்காரன்கிட்டப் போட்டுத்தான் எனக்கு சீர் பாத்திரம் எடுத்துச்சு, நீ என்னடான்னா அதே அண்டாவைத் திருப்பிக் காசு குடுத்து வாங்குறேங்கறே.

ரேடியோ இருந்துச்சான்னு கேட்டேன். உங்கப்பனுக்கு ஒண்ணு இருந்துச்சு, லைசென்ஸ் கட்டாம போஸ்ட் ஆபீஸ்காரரைப் பாத்தா சந்துல பூந்துருவார்னுச்சு. (அப்பல்லாம் ரேடியோவுக்கு வருஷா வருஷம் தபாலாபீஸ்ல பணம் கட்டி லைசென்ஸ் புக்குல ஒட்டணும், 80கள் நடுவுலதான் எடுத்தாங்க.) அப்பா பேப்பர்ல இருந்து தலையத் தூக்கவே இல்லை.

சேர் வாடகை, சமையல் பாத்திரம் வாடகை, சவுண்டு சர்வீஸ் வாடகை, டியூப் லைட்டுக்கு பச்சை கலர் பேப்பர் சுத்தி அதுவும் வாடகை. எங்க வீட்டோடதுன்னு பந்தல்ல இருந்தது அம்மாவோட ட்ரங்குப் பொட்டியும் ஆட்டுக்கல்லும்தான். அப்ப 1983ல ஊரே வாயப் பொளந்து பாத்தது எதைன்னு கேட்டேன், யோசிக்காமச் சொல்லுச்சு: மேக்கால வீட்டு மாமன் பேர்ஷ்யாவுல இருந்து கொண்டுவந்த டேப்புன்னு.

அதைக் கேட்டதும் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. நம்ம பக்கத்து 83 அதுதானே. கல்ஃபைப் பேர்ஷ்யான்னு சொன்ன காலம். ரேடியோவும் டேப்பும் ஒண்ணா இருக்கற நேஷனல் பானசோனிக் டூ இன் ஒன், கோடாலித் தைலம், வழுவழுன்னு ஃபாரின் கைலி, செண்டு பாட்டில், டாங் பவுடர் டப்பா. டாங்கைக் கரைச்சுக் குடிச்சுட்டு டப்பாவுல கடுகு போட்டு வச்சுக்குவாங்க. சென்னைக்காரங்க ரெட்ரோன்னா கிராமபோன் வைக்கட்டும். பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் ரெட்ரோன்னா கயிறு கட்டி பேர் எழுதுன அட்டைப்பொட்டி வீட்டு வாசல்ல வந்து எறங்குனதுதான்.

பாறைக்காரன், 9 அக்டோபர்

பெட்ரோமாக்ஸ் பத்தி மட்டும் தனியா கேட்டிருந்தீங்க. வீட்டுக்குள்ள வேண்டாம். பழைய மேண்டில்ல, அதான் உள்ள எரியுற வலைத்திரியில, தோரியம்ங்கற கதிரியக்கப் பொருள் இருக்கும், அதோட தாது நம்ம கடற்கரை மண்தான், சவறையும் மணவாளக்குறிச்சியும். ஒருக்கா எரிஞ்ச மேண்டில் வெறும் சாம்பல் கூடு, தும்முனா உதுந்துரும், அந்தத் தூசிய மூச்சுல இழுக்காதீங்க. மண்ணெண்ணெய் வேற இப்ப எங்க கெடைக்குது. பச்சைப் பேப்பர் சுத்துன டியூப் லைட்டுக்கு வாங்க, 30 ரூபா செலவு.

பாறைக்காரன், 15 அக்டோபர்

டேப்பு கெடைச்சுருச்சு!!! அதே டேப்பு. மேக்கால வீட்டு மாமன் இப்ப இல்லை, அத்தை பரண்ல வச்சிருந்தாங்க, மேல எலி, கீழ எலி, நடுவுல நேஷனல். எடுத்துக்கோ கண்ணு, பாடுனா எனக்கும் போட்டுக் காட்டுன்னு குடுத்துட்டாங்க. வீட்டுக்கு வந்து தொடைச்சு, இருப்புக் கொள்ளாம ப்ளக்கை சொருகிட்டேன்.

சொருகக் கூடாதுங்க.

பின்னாடி ஒரு சின்ன வட்டம், காசு வச்சுத் திருப்புற மாதிரி, 110, 127, 220, 240னு போட்டிருக்கு. மாமன் இருந்தது சவுதி, அங்க அப்ப 127 வோல்ட். ஊருக்கு வந்ததும் 240க்குத் திருப்பிருக்கார், கடைசியா லீவு முடிஞ்சு திரும்பிப் போறப்ப கூடக் கொண்டு போயிருக்கார், அங்க 127க்குத் திருப்புனது அப்படியே நின்னுருக்கு. ரெண்டு செகண்ட் பாட்டு மாதிரி ஒரு உம்ம்ம், பொறவு வாசம், பொறவு ஸ்பீக்கர் ஓட்டை வழியா நூலாட்டம் பொகை. 40 வருஷம் எலிக்குத் தப்புன சாமானை நான் ரெண்டு செகண்ட்ல முடிச்சேன். அத்தைக்கு இன்னும் சொல்லலை.

பாறைக்காரன், 16 அக்டோபர்

தெரியும், தெரியும், எல்லாரும் திட்டாதீங்க. பழைய கரண்டு சாமான் எது வாங்குனாலும் மொதல்ல 100 வாட் குண்டு பல்பை சீரீஸ்ல போட்டுத்தான் சோதிக்கணும், பல்பு முழுசா எரிஞ்சா உள்ள ஷார்ட்டு, மங்கலா எரிஞ்சா பொழைக்கும். வால்வு ரேடியோ வாங்குறவங்களும் கேட்டுக்கங்க, அதுல 250 வோல்ட் ஓடும், ஆஃப் பண்ண பொறவும் கண்டன்சர்ல சார்ஜ் நிக்கும், சில செட்டுல இரும்புச் சட்டமே நேரா மெயின்ல இருக்கும். இத்தனையும் தெரிஞ்ச நான்தான் நேத்து ப்ளக்கைச் சொருகுனேன்.

பாறைக்காரன், 29 அக்டோபர்

பொள்ளாச்சியில ஒரு பெரியவர் இருக்கார், ரேடியோ ரிப்பேர், இப்ப மிக்ஸிதான் ஜாஸ்தி வருதாம். போனது டிரான்ஸ்பார்மர் மட்டும்தான், வேற போட்டுட்டார். டேப்பு ஓடலை. தெறந்து காட்டுனார், ரப்பர் பெல்ட்டு உருகி தார் மாதிரி புல்லியில ஒட்டிக் கெடந்துச்சு, ஸ்பிரிட்டும் பஞ்சும் வச்சு அரை மணி நேரம் தொடைச்சார். புது பெல்ட்டு, ஹெட்டு கிளீன், மொத்தம் 1,400. பாடுது. அத்தைக்கு எல்லாத்தையும் சொல்லிட்டேன். மாமனும் மொத தடவை கொண்டுவந்தப்ப இதேதான் பண்ணுனாராம்.

அதோட இன்னொண்ணு. அம்மாவோட ட்ரங்குல ஒரு கேசட்டு, சி-60, மேல பென்சில்ல 'கல்யாணம்'. இதே டேப்புல அன்னைக்குப் பதிவு பண்ணுனதாம். போட்டா சத்தமே வரலை. உத்துப் பாத்தா நாடாவை ஹெட்டுல அழுத்துற சின்னப் பஞ்சு உதுந்து போயிருக்கு. அஞ்சு ஸ்குரூ கழட்டி வேற கேசட்டோட பஞ்சுத் தகட்டை மாத்தணும், பெரியவர் இப்ப கண்ணு தெரியலை, நீயே பண்ணுன்னுட்டார். இந்தத் தடவை ப்ளக்கு அவசரம் எல்லாம் இல்லை, டேபிள் மேல வெள்ளைத் துணி விரிச்சு, மூச்சை அடக்கிட்டுப் பண்ணுனேன். இன்னும் போட்டுப் பாக்கலை. அன்னைக்குத்தான்.

பாறைக்காரன், 5 நவம்பர்

சாப்பாடு லிஸ்ட்டு கேட்டவங்களுக்கு. கேசரி, மிக்சர், வாழைக்கா பஜ்ஜி, தட்டுல போட்டு வரவேற்புக்கு. பந்திக்கு இலைதான், கலர் வடகம் கண்டிப்பா. குடிக்க பவண்டோ, கோலி சோடா, அப்புறம் டாங். கள்ளு வைக்கலாமான்னு ஒரு அன்பர் கேட்டிருக்கார். நம்ம சித்தூர்ல கள்ளு ரெட்ரோ இல்லைங்க, இன்னைக்குக் காலையில எறக்குனது. தமிழ்நாட்டுல இருந்து வர்ற மாமன் மச்சானுங்களுக்குத்தான் அது ரெட்ரோ, அவங்க விருந்துக்கு முன்னாடியே வழி கேக்காமப் போயிட்டு வந்துருவாங்க.

இரும்பு மடக்கு சேர் முப்பது வாடகைக்குச் சொல்லியாச்சு. முதுகுல பெயிண்ட்ல கடைப் பேர் எழுதுனது. பிளாஸ்டிக் சேரை விட அதைத்தான் குறைஞ்ச வாடகைக்குத் தர்றார், யாரும் கேக்கறது இல்லையாம், விரல் நசுங்குதாம்.

பாறைக்காரன், 16 நவம்பர்

நவம்பர் 19 உலகக் கோப்பை ஃபைனல். இந்தியா. எங்க விருந்தும் அன்னைக்கு. 83ல கப்பு ஜெயிச்ச வருஷம் கல்யாணம், 40வது வருஷம் ஃபைனல் அன்னைக்கே நாள், இதை விட என்ன தீம் வேணும்னு தம்பி குதிக்கறான். அப்பா, அன்னைக்கு ஜெயிச்சதை நான் மறுநாள் பேப்பர்லதான் பாத்தேன், நீங்களும் அப்படியே பாருங்க, டிவி போட்டா தீம் கெட்டுரும்னு சொல்லிட்டார். அவர் சொன்ன மொத நல்ல ஐடியா. எவனும் கேக்கப் போறதில்லை.

பாறைக்காரன், 20 நவம்பர்

முடிஞ்சது. இந்தியா 240 ரன்ல அடங்கிப் போனதும் முகமெல்லாம் விழுந்துருச்சு, பசங்க பூராம் ஆட்டுக்கல்லுப் பக்கம் போன்ல தலையக் குடுத்துட்டு, பஜ்ஜி ஆறிப் போச்சு. ஆஸ்திரேலியாவோட டிராவிஸ் ஹெட் அடிக்க ஆரம்பிச்ச பொறவு ஒவ்வொருத்தரா போனைச் சட்டைப்பையில போட்டுட்டு வந்து இரும்பு சேர்ல உக்காந்தாங்க. கோல்ட் ஸ்பாட் பாட்டில்ல பூ வச்சதை ஒருத்தர் கூடக் கவனிக்கலை. வெங்கல உருளிய எல்லாரும் செருப்பு விடுற எடத்துக்குத் தள்ளிட்டாங்க.

அப்பத்தான் கேசட்டைப் போட்டேன்.

மொதல்ல வெறும் இரைச்சல். பொறவு ஒருத்தர் ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங்னார், சவுண்டு சர்வீஸ்காரர். நாதஸ்வரம், ஒரு கொழந்தை அழுகுது, அந்தக் கொழந்தை இப்ப இரும்பு சேர்ல உக்காந்து வழுக்கைத் தலையத் தடவிட்டிருக்கற எங்க பெரியப்பா மகன்னு அத்தை சொன்னாங்க. கெட்டி மேளம் கெட்டி மேளம்னு யாரோ கத்தறாங்க, டக்குனு நின்னுருச்சு. சி-60ன்னா ஒரு பக்கம் அரை மணி நேரம்தான், தாலி கட்டுற எடத்துல நாடா முடிஞ்சு போச்சு, யாரும் திருப்பிப் போடலை. மறுபக்கம் போட்டா நேரா பந்தி.

அய்யோ தாலி கட்டுறது போச்சேன்னு நான் சொல்றேன், அம்மா கையக் காட்டி சும்மா இருன்னுச்சு. எலை சத்தம், பெஞ்சு இழுக்கற சத்தம், ரசம் ரசம்னு ஒரு ஆம்பளைக் கொரலு. அப்புறம் பக்கத்துல, மைக்குக்கு ரொம்பப் பக்கத்துல, ஒரு பொம்பளை, "மாப்ளை பக்கம் அப்பளம் இன்னொண்ணு வை, பாக்காத மாதிரி போகாத."

எங்க அம்மிச்சி, அம்மாவோட அம்மா. 1986ல போனவங்க. நான் கேட்டதே இல்லை அந்தக் கொரலை.

அம்மா மறுபடி போடுன்னுச்சு. பெல்ட்டு புதுசுன்னாலும் ரீவைண்டு கொஞ்சம் திக்குது, பேனாவை வுட்டுச் சுத்தி ஏழு தடவை போட்டேன்.

பாறைக்காரன், 3 டிசம்பர்

சித்தூர் மருமக, உங்க பிரைவேட் மெசேஜ் பாத்தேன். உங்க மாமனாரும் பேர்ஷ்யாவுல இருந்தவர்தான்னு மொதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு மாசம் மிச்சம். அத்தை கிட்டக் கேட்டுட்டேன், டேப்பை 28ஆம் தேதி வரைக்கும் வச்சுக்கலாமாம், வாடகை ஒரு கிலோ கேசரி, முந்திரி நெறைய. ஞாயித்துக்கெழமை வந்து எடுத்துக்கங்க. பின்னாடி அந்த வட்டம் 240ல இருக்கு, மேல கருப்பு டேப்பு ஒட்டியிருக்கேன், யாரு கேட்டாலும் அதை மட்டும் பிரிக்காதீங்க.